531: ஒரு பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு யார் விலை வைத்தது?

இந்த வாரம் பேசப்போவது செகண்ட் ஹேண்ட் சைக்கிள் விற்பது பற்றி. சரித்திரம் பேசுற இடத்துல ஓ.எல்.எக்ஸ். சமாச்சாரம் எதுக்குன்னு கேட்காதீங்க. ஒரு பழைய ஸ்டீல் ரோட் பைக்குக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று நோண்டிக்கொண்டே போனால், அது பர்மிங்காமில் ஒரு ஆணிப் பட்டறையில் போய் நிற்கிறது. அங்கிருந்து நேராக அம்பத்தூருக்கும் வருகிறது.

ரோட் பைக் என்றால் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. நான் சொல்வது கார்பனும் அலுமினியமும் வருவதற்கு முன்னால் இருந்தவை. ஃப்ரேம் முழுக்க ஸ்டீல். 1970கள், 80களில் செய்தவை இங்கிலாந்தில் இன்னும் ஆயிரக்கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சந்தையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே வருஷம், ஒரே ஃபேக்டரி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ராலி சைக்கிள். ஒன்றை யாரும் சீண்ட மாட்டார்கள். இன்னொன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு விலை. சீட்டுக்குக் கீழே இருக்கிற ட்யூபில் தீப்பெட்டி சைஸில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 531 என்று போட்டிருந்தால் ஒரு விலை, 'ஹை டென்சைல்' என்று போட்டிருந்தால் வேறொரு விலை. படிக்கும்போது ஐந்நூற்று முப்பத்தொன்று என்று படிக்கக் கூடாது. ஃபைவ்-த்ரீ-ஒன்.

ஆணிப் பட்டறைக்கு வருவோம். 1841-ல் ஜான் ரெனால்ட்ஸ் என்பவர் பர்மிங்காமில் ஆணி செய்யத் தொடங்குகிறார். பின்னாடி அந்தக் குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் ஆணியை விட்டு சைக்கிள் ட்யூப் பக்கம் திரும்புகிறார். அப்போது சைக்கிள் செய்கிற எல்லோருக்கும் ஒரு தலைவலி இருந்தது. எடை குறைய வேண்டுமானால் ட்யூபின் சுவர் மெலிசாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு ட்யூப் சேருகிற மூட்டில் மெலிசு உதவாது. பத்த வைக்கிற சூடும் அங்கேதான் ஏறும், ஓட்டும்போது வருகிற விசையும் அங்கேதான் குவியும். மூட்டுக்காகத் தடித்த ட்யூப் போட்டால், தேவையே இல்லாத நடுப்பகுதியிலும் இரும்பைச் சுமந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

1897-ல் ரெனால்ட்ஸும் ஹெவிட் என்பவரும் சேர்ந்து வாங்கிய பேட்டன்ட் இதற்குத்தான். ட்யூபின் வெளி விட்டம் முழு நீளத்துக்கும் ஒன்றே. உள்ளே மட்டும் இரண்டு முனையிலும் தடிமன், நடுவில் மெலிசு. இதற்கு 'பட்டட் ட்யூப்' என்று பேர். கேட்க சுலபமாக இருக்கு, இல்லையா? செய்து பாருங்கள். நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய ஒரு கம்பியை உள்ளே விட்டு, அதன்மேல் ட்யூபை அச்சு வழியாக இழுத்தால் வடிவம் வந்துவிடும். ஆனால் பருத்த நடுப்பகுதி ஒடுங்கிய வாய் வழியாக எப்படி வெளியே வரும்? உருளைகளுக்கு நடுவே சுழற்றி அழுத்தி, ட்யூபை ஒரு துளி விரியவைத்து அந்தக் கம்பியை உருவி எடுக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்த நண்பனிடம் இதைச் சொன்னேன். ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சவனுக்குக் கோவில் கட்டணும்டா" என்றான்.

அடுத்த பெரிய வருஷம் 1935. மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த ஒரு ஸ்டீலை 531 என்ற பெயரில் ரெனால்ட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். 531 ஃப்ரேம் 'ஸ்பிரிங் மாதிரி துள்ளும்', மத்த ஸ்டீல் 'செத்த ஸ்டீல்' என்றெல்லாம் பழைய சைக்கிள் விற்கிறவர்கள் கவிதை பாடுவார்கள். எந்த ஸ்டீலை எடுத்தாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். யங்ஸ் மாடுலஸ், முதல் வருஷம் படித்தது நினைவிருக்கும். 531-ல் அதிகம் இருப்பது வலிமை, அதாவது எவ்வளவு விசை வரை வளையாமல் தாங்கும் என்பது. வலிமை அதிகம் என்பதால் சுவரை இன்னும் மெலிசாக்கலாம். மெலிசானதால் எடை குறைகிறது. அவர்கள் சொல்கிற துள்ளல் எல்லாம் அந்த மெலிசின் வேலை. சாதாரண சைக்கிள் ட்யூப் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 531 பட்டட் ட்யூபில் முனைகளில் சுமார் 0.9, நடுவில் சுமார் 0.6 மில்லிமீட்டர்.

இன்னொரு விஷயம், 531 வெல்டிங்குக்கு ஒத்துவராது. அந்தச் சூட்டில் மூட்டை ஒட்டிய இடம் வலுவிழந்துவிடும். அதனால் 'லக்' என்கிற உறைக்குள் ட்யூபைச் செருகி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கிப் பத்த வைப்பார்கள். ஸ்டீல் உருகாது, பித்தளை உருகி இடுக்கில் ஓடி உறையும். இதனால் வந்த லாபம் பின்னால்தான் தெரிந்தது. ஒரு ட்யூப் நசுங்கினால் மூட்டைச் சூடேற்றி அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தும் இவை சந்தையில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, இப்போது விற்கிறவன் பிரச்சினை. இந்த அருமை பெருமை எல்லாம் ட்யூபுக்கு உள்ளே. வெளி விட்டம் ஒன்றே, மேலே பெயின்ட். மெலிசான விலை உயர்ந்த ட்யூபும் தடித்த மலிவு ட்யூபும் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால்தான் ரெனால்ட்ஸ் ஸ்டிக்கர் கொடுக்க ஆரம்பித்தது. அதிலும் படிநிலை உண்டு. முழு ஃப்ரேமும் ஃபோர்க்கும் 531 பட்டட் என்றால் ஒரு வாசகம். மூன்று முக்கிய ட்யூப் மட்டும் 531 என்றால் வேறு வாசகம். பட்டட் இல்லாத, ஒரே தடிமன் 531 என்றால் இன்னொன்று. 1970களின் ராலி வரிசையிலேயே இதைப் பார்க்கலாம்: 'ரெக்கார்ட்' மாடல் சாதாரண ஸ்டீல், 'சூப்பர் கோர்ஸ்' மூன்று ட்யூப் மட்டும் 531, 'புரொஃபஷனல்' முழுக்க 531 பட்டட். விளம்பரத்தில் '531 ஃப்ரேம்' என்று மட்டும் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையில் முக்கால்வாசியை முழுங்கிவிட்டார்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் ஸ்டிக்கர் என்பது கோடுக்கு மேலே எழுதுகிற கமென்ட். கோடு வேறு எதையாவது செய்துகொண்டிருக்கலாம்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ப்ராஜெக்ட் வேலையாக இரண்டு வருஷம் பர்மிங்காமில் இருந்தேன். பஸ் செலவை மிச்சப்படுத்த ஒரு பழைய ராலி வாங்கினேன். முந்தைய ஓனர் எப்போதோ அதைக் கருநீலமாக பெயின்ட் அடித்திருந்தார், ஸ்டிக்கர் எல்லாம் போயிருந்தது. திரும்பி வரும்போது விற்க வேண்டும். ரூம்மேட் பார்த்துவிட்டு, "மச்சி, 531 ஸ்டிக்கர் ஆன்லைன்ல சில பவுண்டுக்குக் கிடைக்குது. ஒட்டிவிடு, நூறு பவுண்டு ஏறும்" என்றான். அவன் சொன்னது நிஜம். பழைய ஸ்டிக்கரை அப்படியே நகல் எடுத்து விற்கிறார்கள். பழைய ஃப்ரேமைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது தேவையும்கூட. என் ஃப்ரேம் அநேகமாக 531 தான். ஆனால் அந்த 'அநேகமாக' ஸ்டிக்கரில் வராது.

ஸ்டிக்கர் இல்லாமல் எப்படித் தெரியும்? இதற்குத்தான் சீட் போஸ்ட். சீட்டைத் தாங்குகிற அந்தக் குழாய் ஃப்ரேமுக்குள் இறங்குகிறது, இல்லையா? அந்த மாதிரி ஃப்ரேமில் சீட் ட்யூபின் வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர். சுவர் 0.6 என்றால் இரண்டு பக்கமும் கழித்து உள்ளே 27.4. சறுக்கி இறங்கக் கொஞ்சம் இடம் விட்டால் போஸ்ட் 27.2. அதுவே சுவர் 1.2 என்றால் போஸ்ட் 26-க்கு வந்துவிடும். போஸ்ட் மேலே சைஸ் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடலாம். பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் எதற்கு என்று தெரியாமலே பிடித்த அதே வெர்னியர். ஸ்டிக்கரை மாற்றலாம், 27.2-ஐ மாற்ற முடியாது.

விளம்பரத்தில் இப்படித்தான் எழுதினேன்: மறு பெயின்ட், ஸ்டிக்கர் இல்லை, சீட் போஸ்ட் 27.2, விலை 220 பவுண்டு. வந்தவர் ரிட்டையர் ஆன பெரியவர். அவரும் வெர்னியர் கொண்டு வந்திருந்தார். ஆனால் அவர் முதலில் பார்த்தது சீட் போஸ்டை இல்லை. முன் ட்யூபுக்குப் பின்னால், மேல் ட்யூபுக்கும் கீழ் ட்யூபுக்கும் அடியில் விரலை ஓட்டினார். சைக்கிள் எங்கேயாவது மோதியிருந்தால் அங்கேதான் லேசாக மடிப்பு விழும், பெயின்ட் சுருங்கியிருக்கும். அப்புறம் சீட் போஸ்டை உருவினார். அளக்க மட்டும் இல்லை, அது உருவ வருகிறதா என்று பார்க்க. அலுமினிய போஸ்ட் ஸ்டீல் ட்யூபுக்குள் வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இரண்டும் பூத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்து சைக்கிளைக் கவிழ்த்து பெடல் அச்சு இருக்கிற இடத்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கினாலும் கடைசியில் அங்கே தேங்கும், ஸ்டீல் ஃப்ரேம் உள்ளிருந்து துருப்பிடிப்பது அங்கேதான். ராலியின் மலிவு மாடல்கள் சிலவற்றில் அந்த இடத்து மரை, ஊர் உலகத்தில் யாரும் பயன்படுத்தாத 26 மரைக் கணக்கு. பாகம் தேய்ந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். மற்ற இங்கிலீஷ் ஃப்ரேம்களில் 24. என்னுடையது 24 என்று கேட்டதும் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து அவர் சொன்னது இதுதான்: "27.2 சீட் ட்யூபைப் பற்றித்தான் சொல்லும். மற்ற ட்யூபுகளுக்கு நீங்களும் சாட்சி இல்லை, நானும் இல்லை." 180-க்கு முடிந்தது. ரூம்மேட் கணக்குப்படி அந்த நாற்பது பவுண்டு நஷ்டம். பெரியவர் கணக்கு சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஃப்ரேமின் நாலில் மூன்று பங்கைப் பற்றி அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். அந்த ரிஸ்க்குக்கு ஒரு விலை உண்டு.

இந்த நம்பிக்கைப் பிரச்சினையை ரெனால்ட்ஸும் நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 1970களின் நடுவில் 753 என்று இன்னும் மெலிசான, சூட்டில் பதப்படுத்திய ட்யூப் கொண்டுவந்தார்கள். அதை யார் கேட்டாலும் விற்கவில்லை. ஃப்ரேம் கட்டுகிறவர் முதலில் மாதிரிக்கு ஒரு மூட்டு பத்த வைத்து அனுப்ப வேண்டும். அதைச் சோதித்துப் பாஸ் ஆனால்தான் ட்யூப் கிடைக்கும். அதனால் 753 ஸ்டிக்கர் ஸ்டீலுக்கு மட்டுமல்ல, அதைப் பத்த வைத்த கைக்கும் சான்றிதழ்.

இப்போது அம்பத்தூர். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள் என்றால் 'டி.ஐ. சைக்கிள்' என்ற பஸ் ஸ்டாப் தெரியும். சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி தெரியும். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அங்கேதான். யாருடா இந்த ஸ்டெட்ஃபோர்ட் என்று சின்ன வயசில் ஒருத்தரும் கேட்டதில்லை. டி.ஐ. என்றால் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 1919-ல் இங்கிலாந்தில் ட்யூப் செய்கிற சில கம்பெனிகள் சேர்ந்து உருவான குழுமம். 1928-ல் ரெனால்ட்ஸ் இவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆக, 1935-ல் 531 வந்தபோதே அது டி.ஐ. வீட்டுப் பிள்ளை. 1946-ல் பர்மிங்காமின் ஹெர்குலிஸ் சைக்கிளையும் வாங்கினார்கள், 1960-ல் ராலியையும். 1940களின் நடுவிலிருந்து 60களின் தொடக்கம் வரை இந்தக் குழுமத்தின் தலைவராக இருந்தவர்தான் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் முருகப்பா குழுமமும் இந்த டி.ஐ.யும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. 1955-ல் ஆவடியில் ட்யூப் ஃபேக்டரியும் வந்தது. 531 செய்கிற வீட்டில் இருந்து நமக்கு வந்தது ஹெர்குலிஸ். பெரிய சக்கரம், கம்பி பிரேக், கேரியர், மட்கார்டு, முழு செயின் கவர். தடித்த ட்யூப். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பால் கேனும் ஒரு ஆளும் ஏறுகிற சைக்கிளுக்கு, 0.6 மில்லிமீட்டர் சுவரை யாரும் கேட்க மாட்டார்கள். எங்க தாத்தா எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு முப்பது வருஷம் அதில்தான் போய் வந்தார். அரிசி மூட்டை, சிலிண்டர், நான், எல்லாம் அதே கேரியரில்.

தாத்தா தவறிய பிறகு அப்பா அதை விற்கப் பார்த்தார். ஓடுகிற நிலையில்தான் இருந்தது, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் காயலான் கடைக்குப் போனது. "இரும்புக்கு கிலோ கணக்குதான் சார்" என்றார் கடைக்காரர். செயின் கவரும் மட்கார்டும் சேர்ந்து எடை நன்றாகவே நின்றது, அதற்கேற்ற காசும் வந்தது. பர்மிங்காமில் அந்தப் பெரியவர் என் ராலியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு இந்தத் தராசுதான் ஞாபகம் வந்தது. ஒரே குழுமம் செய்த இரண்டு ஸ்டீல் சைக்கிள். ஒரு ஊரில் எடை கூடினால் காசு, இன்னொரு ஊரில் எடை குறைந்தால் காசு.

ஹெர்குலிஸை நான் ஏதோ ஏமாந்துபோன பொருளாகச் சொல்லவில்லை. அது முப்பது வருஷம் தன் வேலையைச் செய்து விலையைக் கொடுத்துவிட்டது. ரோட் பைக்குக்கு இரண்டாவது விலை கிடைத்தது, வாங்க இன்னொரு கூட்டம் வந்ததால்தான். அந்தக் கூட்டம் எப்போதும் இருந்ததும் இல்லை.

டி.ஐ.யின் உச்சம் 1980. அந்த வருஷம் டூர் டி ஃபிரான்ஸை வென்ற யூப் சூட்டமெல்க் ஓட்டியது டி.ஐ.-ராலி அணிக்கு. உலகம் முழுக்கப் பார்த்த அந்த ஜெர்சியில் அம்பத்தூர் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற அதே இரண்டு எழுத்து. ஆறு வருஷம் கழித்து கிரெக் லெமாண்ட் கார்பன் ஃப்ரேமில் டூரை வென்றார். ஸ்டீலில் கடைசியாக டூரை வென்றது 1994-ல் மிகேல் இந்துராயின் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பழைய ஸ்டீல் ரோட் பைக், வீட்டில் இடத்தை அடைக்கிற சாமான் ஆனது. காலேஜ் பசங்க மலிவாக வாங்கி மழையில் பூட்டி வைக்கிற வண்டி.

அதைத் திருப்பி ஏற்றியதில் இரண்டு விஷயத்தைச் சொல்லலாம். ஒன்று, 2000களில் வந்த ஃபிக்ஸி மோகம். கியர் இல்லாத, பின்சக்கரம் நேரடியாகப் பெடலோடு சுற்றுகிற சைக்கிள். அதில் செயினை இறுக்கிப் பிடிக்கப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும். பழைய ஸ்டீல் ஃப்ரேம்களில் பின்சக்கரம் மாட்டுகிற பள்ளம் கிடையாகவே இருக்கும், புது ஃப்ரேம்களில் செங்குத்தாக இருக்கும். சும்மா கிடந்த ஃப்ரேமுக்கு ஒரே இரவில் வேலை வந்தது. இதில் நல்ல 531 ஃப்ரேம்களின் கியர் மாட்டுகிற கொக்கியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளியவர்களும் உண்டு. அப்படி அறுத்ததை இன்று விற்கப்போனால் பாதி விலைதான் கேட்பார்கள்.

இன்னொன்று, இத்தாலியின் டஸ்கனி பகுதியில் கயோலே என்ற சின்ன ஊர். 1997-ல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் அங்கே 'லெரோய்கா' என்று ஒரு சவாரியைத் தொடங்கினார். வெள்ளை மண் சாலைகளில் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். விதி என்னவென்றால், சைக்கிள் 1987-க்கு முன்னால் செய்ததாக இருக்க வேண்டும். கியர் லீவர் கீழ் ட்யூபில், பெடலில் பட்டை, பிரேக் கேபிள் ஹேண்டிலுக்கு வெளியே தெரிய வேண்டும். இன்று ரோட் பைக் விற்கிறவர்கள் 'லெரோய்காவுக்கு ஏற்றது' என்று எழுதுவது இதனால்தான். 1986-ல் செய்த சைக்கிளுக்கும் 1988-ல் செய்ததற்கும் ஸ்டீலில் ஒரு வித்தியாசமும் இல்லை. விலையில் உண்டு. யாரோ ஒருத்தர் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, பர்மிங்காம் கராஜில் கிடக்கிற சைக்கிளுக்கு விலை வைக்கிறது.

டி.ஐ. 1987-ல் ராலியை விற்றுவிட்டது, 90களில் ரெனால்ட்ஸையும். ராலியின் நாட்டிங்காம் ஃபேக்டரி 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழக வளாகம். டி.ஐ. குழுமமே 2000-ல் ஸ்மித்ஸ் கம்பெனியோடு இணைந்து பெயர் இல்லாமல் போனது. ரெனால்ட்ஸ் கைமாறிக் கைமாறி, வேலை பார்த்தவர்களிடமே வந்து, சின்ன அளவில் பர்மிங்காமில் இன்றும் ட்யூப் இழுத்துக்கொண்டிருக்கிறது. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெயரோடு இன்று ஷேர் மார்க்கெட்டில் இருப்பது சென்னையில் இருக்கிற டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியாதான்.

அடுத்த எபிசோடு செயின் பற்றி. அதுவும் அம்பத்தூர்க் கதைதான், 1960-ல் வந்த டி.ஐ. டைமண்ட் செயின். வீட்டில் பழைய சைக்கிள் ஏதாவது கிடந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் சீட் போஸ்டை உருவி ஒரு அளவு எடுத்து அனுப்புங்க. பார்ப்போம்.